மழைப் பாட்டைப் பாடியது நான் அல்ல

ஐயா,

சாப்பிட்டாயா, தூங்கினாயா, இருமல் நின்றதா என்றெல்லாம் உன் அப்பா தனியாக ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார். அதையும் இதே உறையில் போடுகிறேன். முதலில் அதைப் படித்துவிடு. என்னுடையதைப் படித்த பிறகு உனக்கு என்மேல் கோபம் வரலாம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் கூட்டாளி இங்கே வந்தான். ரவாங்கில் கடை பிடித்தாயிற்று, வீடியோ நாடாவைப் பிரதி எடுக்க நான்கு பெட்டிகள் வாங்கியாயிற்று, தைப்பூசத்துக்கு முன்னால் திறப்பு என்று ஒரே மூச்சில் சொன்னான். நீ கொடுத்தனுப்பிய காலி கேசட்டையும் துண்டுச் சீட்டையும் கையில் கொடுத்தான். பழைய மாதிரி என் குரலில் ஓர் அறிவிப்பு பேசித் தரவேண்டும், அதை ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் போடப்போகிறோம், குயிலக்கா குரல் என்றால் இந்தப் பக்கத்துத் தோட்டங்கள் முழுக்கத் தெரியும் என்று எழுதியிருந்தாய். அத்தோடு விட்டாயா? நான் தயங்குவேன் என்று தெரிந்து கீழே இன்னொரு வரி. "இது திருட்டு இல்லம்மா. ஓசியில பாத்தவன்தான் நாளைக்குக் காசு குடுத்து ஒரிஜினல் வாங்குவான். நீங்கதானே சொல்லுவீங்க."

ஆமாம், நான்தான் சொல்லுவேன். பத்தாங் பெர்ஜுந்தாயில் நம் கேசட் கடைக் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். அப்போது நீ பள்ளிக்கூடச் சட்டையோடு வந்து, இரட்டை கேசட் பெட்டியின் பொத்தான்களை அமுக்கிக்கொண்டு நிற்பாய். பிள்ளைகள் நாம் சொன்ன புத்திமதியை எல்லாம் காற்றில் விட்டுவிட்டு, நாம் வாய்க்கு வந்தபடி சொன்னதைத்தான் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். பிரதி எடுப்பதைத் தடுக்கச் சட்டம் வந்துவிட்டது, சோதனை போடுகிறார்கள் என்று உன் அப்பா பயப்படுகிறார். எனக்கு அந்தப் பயம் இல்லை. போலீஸ் வந்தால் நீ பேசிச் சமாளித்துவிடுவாய், உன் வாய் என் வாய். நான் சொல்ல வந்தது வேறு.

நீ சொன்னதில் உண்மையே இல்லை என்று நான் சாதிக்க மாட்டேன். கடையில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தவள் நான். சம்பள நாள் வந்தால் தோட்டத்துச் சனம் பஸ் பிடித்து வரும். கையில் பாட்டுப் பட்டியல். முதல் வரியை மட்டும் எழுதியிருப்பார்கள், சில பேர் அதையும் எழுதத் தெரியாமல் கடையில் நின்று பாடிக் காட்டுவார்கள். காலி கேசட்டில் வரிசையாகப் பதிந்து கொடுப்போம். அப்படிப் பதிந்து வாங்கிப்போய்க் கேட்டவர்கள், பாட்டுப் பிடித்துப்போய், அந்தப் படம் கொட்டகைக்கு வந்தபோது குடும்பத்தோடு போய்ப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். நம் கடைக்கு வருவாரே, தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிற ஒரு மண்டோர், வெள்ளை மீசைக்காரர், அவரை மறந்திருக்க மாட்டாய். நம்மிடம் பிரதி வாங்கிப்போவார், மனசுக்குப் பிடித்துவிட்டால் கோலாலம்பூருக்கே போய் அசல் கேசட்டை வாங்கிவந்து கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைப்பார். தேய்ந்துவிடும் என்று அதைப் போடவே மாட்டார். கேட்பது நம் பிரதியை. இப்படி நாலு பேர் இருந்தார்கள். அந்த நாலு பேரைக் காட்டித்தான் நான் வாய் நீட்டிப் பேசினேன்.

இனி பாக்கியத்தைப் பற்றிச் சொல்கிறேன். இந்தக் கதை உனக்குத் தெரியும், ஆனால் சிரிப்புக் கதையாகத்தான் தெரியும். தீபாவளிக்கு விருந்தாளிகள் வந்தால் "குயிலக்காவுக்குப் பொன்னாடை போட்ட கதையச் சொல்லும்மா" என்று நீயே எடுத்துக்கொடுப்பாய். நானும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுவேன். சொல்லும்போது சில இடங்களை விழுங்கிவிடுவேன். அந்த இடங்களை இப்போது எழுதுகிறேன்.

பாக்கியம் நம் பழைய தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்தவள். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற தாய்மார்கள் விடிவதற்கு முன்பே பிள்ளைகளைக் கொண்டுவந்து அவளிடம் விட்டுப் போவார்கள். அழுகிற பிள்ளைகளை அடக்கப் பாடத் தொடங்கியவள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சினிமாப் பாட்டையும் பாடமாட்டாள், பாட்டைத் தானாகவே கட்டுவாள். அவள் கட்டியதில் ஒன்றுதான் மழைப் பாட்டு. விடிகாலையில் மழை பெய்கிறது, பெரட்டில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கவில்லை, பால் வெட்ட முடியாது, அன்றைக்குக் கூலி கிடையாது, ஆனால் புருஷன் வீட்டில் இருக்கிறான். மழையே நீ பெய்யாதே, மழையே நீ நிற்காதே என்று ஒரு பெண் மாற்றி மாற்றிக் கேட்கிறாள். பிள்ளையைத் தூக்கிப்போக வந்த ஒன்றிரண்டு தாய்மார்கள் அதைக் கேட்டால் போகாமல் நின்றுவிடுவார்கள். ஒருநாள் நானும் நின்றேன். அவள் புருஷன் லோரி ஓட்டுகிறவன், நல்ல மனுஷன். இரண்டு பேரும் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் போட்டு, கோலாலம்பூரில் ஒரு பதிவுக் கூடத்தில் எட்டுப் பாட்டுகளைப் பதிந்து, ஐந்து பெட்டி கேசட் அடித்துக்கொண்டு வந்தார்கள். அட்டையில் நீலச் சேலையில் அவள் படம். வெட்கப்பட்டுக்கொண்டு பாதி முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள். பெட்டிகளை நேரே நம் கடைக்குத்தான் கொண்டுவந்தாள்.

"அக்கா, ஒங்கள நம்பித்தான் கொண்டாந்தேன். நீங்க சொன்னா சனங்க வாங்கும்" என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நல்லதுதான் செய்வதாக நினைத்தேன், அது சத்தியம். முதலில் சனங்கள் காதில் விழட்டும், விழுந்தால் தேடி வந்து வாங்குவார்கள் என்று, யார் எந்தப் பாட்டைப் பதியச் சொன்னாலும் கேசட்டின் கடைசியில் மிச்சம் இருக்கும் நாடாவில் மழைப் பாட்டைச் சும்மா பதிந்து கொடுத்தேன். அதற்கு முன்னால் வழக்கம்போல என் அறிவிப்பு. "வணக்கம், ரசிகப் பெருமக்களே! பத்தாங் பெர்ஜுந்தாய் பூங்குயில் ஒலிநாடா நிலையம் பெருமையுடன் வழங்கும் மழைப் பாட்டு! நனையத் தயாராகுங்கள்!" முதலில் பதிந்தபோது "பாடுபவர் பாக்கியம்" என்றும் சொன்னேன். அது புல்லாங்குழல் வருகிற இடத்தில் மோதியது. கொஞ்சம் சுருக்கிப் பார்த்தேன், மோதியது. கடைசியில் எடுத்துவிட்டேன். "பேரச் சொல்லேன், வேற எதையாச்சும் கொறச்சுக்க" என்று உன் அப்பா அன்றைக்கே சொன்னார். ஆயாக் கொட்டகைப் பாக்கியம் பாடியது என்று தெரிந்தால் சனம் மதிக்காது, அவள் நல்லதுக்குத்தான் என்று அவர் வாயை அடைத்தேன். அது பொய். வேறு எதையும் குறைக்க எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். இளவயதில் வானொலி அறிவிப்பாளர் வேலைக்குத் தேர்வுக்குப் போய்த் தோற்றுத் திரும்பியவள் நான். எனக்குக் கிடைத்த வானொலி அந்தக் கடைதான். அதில் ஒரு சொல்லைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று இருந்தேன்.

பாட்டு பற்றிக்கொண்டது. இரண்டே மாதம், எந்தத் தோட்டத்துக் கல்யாணத்துக்குப் போனாலும் மழைப் பாட்டு. குவாலா சிலாங்கூர் பஸ்ஸில் ஓட்டுநர் போடுகிறார். பசாரில் மீன் விற்கிற சீனன்கூட ராகத்தை முணுமுணுக்கிறான். கடைக்கு ஆட்கள் தேடி வந்தார்கள். பார்த்தாயா, நான் சொன்னதுதான் நடக்கிறது என்று நெஞ்சு நிமிர்ந்தது. பாக்கியத்தின் பெட்டியைத் திறந்து நீலச் சேலைக் கேசட்டை எடுத்து நீட்டினேன். முதல் வாரம் ஏழெட்டு போனது. அடுத்த வாரம் அதில் பாதி திரும்பி வந்தது.

பால் மரத் தோட்டத்திலிருந்து வந்த ஓர் அம்மா, பெயர் ஞாபகமில்லை, கேசட்டைக் கல்லாமேல் வைத்த விதம் ஞாபகம் இருக்கிறது. "என்னாக்கா, என்னைய ஏமாத்திட்டீங்க? இது டூப்ளிகேட்டு லா."

"இதாம்மா ஒரிஜினல். படம் போட்டிருக்கு பாரு."

"படம் யாரு வேணா போடலாம். போட்டா ஒங்க கொரலே வரல. சும்மா புல்லாங்கொழல்தான் வருது. எங்க மச்சான் வீட்டுல இருக்கே, அதுல நீங்க வணக்கம் சொல்லுவீங்க, நனைய ரெடியாவுங்கனு சொல்லுவீங்க. அதுதான் ஒரிஜினல். அதக் குடுங்க."

நீ பக்கத்தில்தான் நின்றாய். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உட்கார வைத்து விளக்கியிருக்கலாம், அட்டையில் இருக்கிற முகத்தைக் காட்டி, இவள்தான் அம்மா பாடியவள் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். சம்பள நாள், கடையில் கூட்டம். நீலச் சேலைக் கேசட்டை வாங்கிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, என் குரல் உள்ளதை எடுத்துக் கொடுத்தேன். அதன் பிறகு வந்தவர்களுக்கும் அப்படியே. மழைப் பாட்டை மட்டும் பதிந்து கொடுத்த எனக்கு, எட்டுப் பாட்டையும் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் அறிவிப்புச் சேர்த்து, முழுக் கேசட்டாகவே கொடுக்கிற துணிச்சல் வந்தது. சனங்கள் கேட்கிறார்கள், நான் என்ன செய்ய என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓசியில் கேட்டவர்கள் வாங்க வந்தார்கள், ஐயா, அதில் நீ சொன்னது சரி. வரும்போது எதை அசல் என்று நினைத்து வந்தார்கள் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, நீயும் எடுக்கவில்லை.

அந்த வருஷத்துத் தோட்டத் திருவிழா. அன்னதானம் முடிந்து மத்தியானம் பந்தலில் பாட்டு. பாக்கியத்தின் பெயரும் இருந்தது. என்னையும் சிறப்பு விருந்தினர் என்று முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். பாக்கியம் மேடையேறி ஒலிபெருக்கியைப் பிடித்தாள். புல்லாங்குழல் தொடங்கியதும் முன்னால் உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளைகள் ஒரே குரலில் கத்தின. "வணக்கம், ரசிகப் பெருமக்களே! பத்தாங் பெர்ஜுந்தாய் பூங்குயில் ஒலிநாடா நிலையம்..." முழுசாகச் சொல்லி முடித்தன. அதுவும் பாட்டில் ஒரு பகுதி என்றே அந்தப் பிள்ளைகள் நினைத்திருக்கின்றன. சனம் கைகொட்டிச் சிரித்தது. நீ விசிலடித்தாய். அதில் பாதிப் பிள்ளைகள் அவள் மடியில் வளர்ந்தவை. சிரிப்பு அடங்கியதும் அவள் பாடினாள். நன்றாகத்தான் பாடினாள். இறங்கி வரும்போது கோயில் தலைவர் அவள் தோளில் தட்டி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "அசல் குயிலக்கா மாதிரியே பாடுற பாக்கியம்! பாடுனவங்கள முன்னால வச்சுக்கிட்டே பாடுறதுக்கு தில்லு வேணும் லா!"

அப்புறம் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். இன்னிசைக் குயில் என்றார்கள். சரிகை போட்ட பொன்னாடை. வீட்டில் இந்தக் கதையைச் சொல்லும்போது, "என்னைப் போய்ப் பாடகி என்று நினைத்துவிட்டார்களே" என்று கண்ணை உருட்டுவேன் அல்லவா? மேடையில் நான் கண்ணை உருட்டவில்லை. சொல்லிவிடுவது என்றுதான் ஒலிபெருக்கியை வாங்கினேன். வாயைத் திறந்தால் பழக்க தோஷம், "வணக்கம், ரசிகப் பெருமக்களே" என்றுதான் வந்தது. பந்தல் அதிர்ந்துபோயிற்று. அப்படி ஒரு கைதட்டலை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. இனித்தது, ஐயா. பெற்ற பிள்ளையிடம் ஏன் மறைக்கவேண்டும்? உடம்பெல்லாம் இனித்தது. இரண்டு கையையும் கூப்பிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். பாக்கியம் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொன்னாடையை எடுக்கவும் கூச்சமாக இருந்தது, எடுக்காமல் இருக்கவும் கூச்சமாக இருந்தது. வீடு வரைக்கும் தோளிலேயே கிடந்தது.

மறுவாரம் அவள் கடைக்கு வந்தாள். சண்டை போடுவாள் என்று தயாராக இருந்தேன். "மிச்சப் பெட்டியக் குடுங்கக்கா" என்றாள், அவ்வளவுதான்.

"விட்டுட்டுப் போ பாக்கியம். பாட்டு இப்பத்தான் பரவியிருக்கு. கேட்டவங்க கண்டிப்பா வாங்குவாங்க" என்றேன். அப்போதும் அதையேதான் சொன்னேன், பார்.

"வாங்குறாங்கதானேக்கா. ஒங்களத்தான் வாங்குறாங்க."

கோபமே இல்லாமல் சொன்னாள். அவள் புருஷன் பெட்டிகளை லோரியில் ஏற்றினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவள் எந்த மேடையிலும் ஏறவில்லை. ஆயாக் கொட்டகையிலும் பாடுவதில்லை, பிள்ளைகள் அழுதால் முதுகைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று தாய்மார்கள் கடைக்கு வந்து சொன்னார்கள். ஒரு வருஷத்தில் தோட்டத்தை விட்டே குவாலா சிலாங்கூர் பக்கம் போய்விட்டார்கள். நான் திருந்தி கேசட் பதிவதை நிறுத்தினேன் என்று நினைத்துவிடாதே. அந்தப் பாட்டுகளை அதற்குப் பிறகும் பதிந்து விற்றேன். வீடியோ வந்து ஆள் குறைந்த பிறகுதான் பதிவுப் பெட்டியை மூடி, ஊதுவத்தியும் வளையலும் விற்கத் தொடங்கினேன். அந்த விற்பனையில்தான் உன் பள்ளிக்கூடப் படிப்பு நடந்தது. அதைச் சொல்லிக் காட்டவில்லை. நீயும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ஆகையால், ஐயா, உன் கேசட்டில் நான் பேசப்போவதில்லை. கடையைத் திற, திறக்காதே என்று உத்தரவு போட எனக்கு யோக்கியதை இல்லை. உனக்கு இருபத்து மூன்று வயது, கூடவே கூட்டாளி இருக்கிறான், காசு போட்டுவிட்டாய். ஆனால் பெரிய நடிகர் படம்தானே, அவருக்கு என்ன குறைந்துவிடும் என்று தொடங்குவாய். நானும் பெரிய பாடகர்களைப் பதிந்துதான் தொடங்கினேன். அவர்களில் ஒருவர்கூட என் கடைக்கு வந்து பெட்டியைத் திருப்பிக் கேட்கவில்லை. கை பழகிவிட்டது. பழகிய கைக்குப் பெரியவர், சின்னவர் தெரியாமல் போய்விட்டது. நாளைக்கு நம் தோட்டத்துப் பையன் எவனாவது நகையை அடகு வைத்து ஒரு படம் எடுத்து, உன்னை நம்பி உன் கடைக்குக் கொண்டுவருவான். அப்போது உன் கை என்ன செய்யும் என்று நீயே யோசித்துப் பார்.

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு இப்போது ஏன் என்று கேட்பாய். உன் சீட்டைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன புதன்கிழமை உன் அப்பாவிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறிக் குவாலா சிலாங்கூர் போனேன். விசாரித்துக்கொண்டு போனால், பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பலகாரக் கடை. பாக்கியம் வடை போட்டுக்கொண்டிருந்தாள். இளைத்திருக்கிறாள், தலை பாதி நரைத்துவிட்டது. "வாங்கக்கா, ஒக்காருங்க" என்று நேற்றுப் பார்த்தவளைப் போலத்தான் கூப்பிட்டாள். மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று ஆரம்பித்தேன். "அதெல்லாம் என்னாத்துக்குக்கா இப்ப" என்று தட்டில் இரண்டு வடையை வைத்தாள். நான் விடாமல் பேசினேன். என் குரலைக் கேட்டுவிட்டு உள்ளேயிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். பதினைந்து வயது இருக்கும், பள்ளிக்கூட உடுப்பு. அவள் மகள்.

"ஆண்ட்டி, நீங்க குயிலக்காதானே? கொரல வச்சே கண்டுபிடிச்சிட்டேன்! எங்க ஸ்கூல்ல ஒங்க மழைப் பாட்டுக்குத்தான் நாங்க டான்ஸ் ஆடுனோம். வீட்டுல போடலாம்னா எங்கம்மாதான் விடமாட்டாங்க."

மேடையில் வராதது அன்றைக்கு வந்தது. அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "நான் பாடலம்மா. பாடுனது ஒங்கம்மா. கட்டுனதும் ஒங்கம்மா. நான் முன்னால வணக்கம் மட்டும்தான் சொன்னேன்."

அவள் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்கம்மாவா? சும்மா விளையாடாதீங்க ஆண்ட்டி! எங்கம்மா சாமி பாட்டுக்குக்கூட வாயத் தொறக்க மாட்டாங்க லா!"

"நெசமாத்தான்மா. நீயே பாடச் சொல்லிப் பாரு. பாக்கியம், ஒரு வரி பாடு. ஒரே ஒரு வரி."

பாக்கியம் எண்ணெய்ச் சட்டியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "விடுங்கக்கா, வரி எல்லாம் மறந்துபோச்சு" என்றாள். அந்த எட்டுப் பாட்டும் எனக்கு வரிக்கு வரி தெரியும், ஐயா. உனக்கும் தெரியும். இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரியும்.

மகள் அதற்குள் உள்ளே போய் ஆட்டோகிராப் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். நான் அதை வாங்கக் கை நீட்டவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பாக்கியம் கரண்டியை வைத்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பேனாவை என் விரலுக்குள் வைத்தாள்.

"போட்டுக் குடுங்கக்கா. புள்ள ஆசையா கேக்குது. நான்னு சொன்னா அவ சிரிக்கிறா, பாத்தீங்கல்ல?"

என் பெயரைத்தான் எழுதினேன். அந்தப் பிள்ளை நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிட்டாள்.

இப்படிக்கு, அந்தக் கையெழுத்தைப் போட்ட
உன் அம்மா